யுனிவர்சிட்டிக்கு விஷன், வேல்யூஸ், பிளான் எழுதணுமா? மொதல்ல பட்ஜெட்டைக் கேட்டு வாங்குங்க

பிளானிங் கமிட்டில உங்க பேரைப் போட்டுட்டாங்கன்னா மொதல் மீட்டிங்லயே விஷன் வாக்கியம் எழுத உக்காராதீங்க. "உலகத்தரம்"ங்கற வார்த்தைய சேக்கலாமா வேணாமான்னு ரெண்டு மாசம் பேசி, கடைசில எந்த யுனிவர்சிட்டி பேரைப் போட்டாலும் பொருந்துற ஒரு வரிதான் கைல மிஞ்சும். போன மூணு வருஷ பட்ஜெட்ட வாங்கிப் பாருங்க, காசு எங்க போயிருக்கோ அதுதான் இப்ப நடைமுறைல இருக்கற ப்ரியாரிட்டி, அதுல எத மாத்தணும்னு பேச ஆரம்பிச்சா பேச்சு தானா உருப்படியா போகும்.

அதுக்கப்புறம் விஷன். 1810ல பெர்லின்ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, சொல்லிக்கொடுக்கறதும் ஆராய்ச்சியும் ஒண்ணாதான் நடக்கணும்னு வச்சாங்க. அரசு யுனிவர்சிட்டிக்கு மூணாவதா ஒரு கடமையும் இருக்கு, வரி கட்டுற ஜனங்களுக்கு என்ன திருப்பித் தர்றோம்ங்கறது. அமெரிக்கால விஸ்கான்சின் மாநில யுனிவர்சிட்டிக்குத் தலைவரா இருந்த சார்லஸ் வான் ஹைஸ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே, மாநிலத்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் யுனிவர்சிட்டியோட பலன் போய்ச் சேரணும்னு சொன்னார், அதுல யாருக்குன்னு தெளிவா இருக்கு பாருங்க. 2015ல அங்க கவர்னரோட பட்ஜெட் மசோதால யுனிவர்சிட்டி சட்டத்துலேர்ந்து "உண்மையைத் தேடுதல்"ங்கறத எடுக்கப் பாத்தாங்க, பெரிய எதிர்ப்பு வந்து அத கைவிட வேண்டியதாப் போச்சு. அதனால வார்த்தைதானேன்னு அலட்சியமா விடாதீங்க, அது இருந்தாதான் நாளைக்கு அதக் காட்டி நின்னு பேச முடியும்.

வேல்யூஸ் லிஸ்ட்ல நேர்மை, சமத்துவம், சுதந்திரம்னு எல்லாரும் எழுதறதுதான். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு சிக்கலான சூழ்நிலைய எழுதி அப்ப நாம என்ன செய்வோம்னு சேருங்க. உதாரணமா, ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்த கம்பெனி ரிசல்ட்ட வெளியிடாதீங்கன்னு சொன்னா என்ன செய்வோம்? இன்னொண்ணு, ஆராய்ச்சிக் கட்டுரையோட எண்ணிக்கைய விட தரம் முக்கியம்னு எழுதினா ப்ரமோஷன் ஃபாரமும் மாறணும். ஆராய்ச்சிய எப்படி மதிப்பிடணும்னு 2012ல சான் பிரான்சிஸ்கோல உருவான பிரகடனம் இததான் கேக்குது, ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர (அதுல வர்ற கட்டுரைகள மத்தவங்க சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டறாங்கங்கற கணக்க) வச்சு ஆள எடை போடாதீங்கன்னு. ஃபாரம் பழசாவே இருந்தா இளம் ஆராய்ச்சியாளர் யாரும் அந்த வேல்யூவ நம்ப மாட்டாங்க.

ப்ரியாரிட்டி நாலஞ்சுக்கு மேல வேணாம். ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பாளர் யாரு, காசு எங்கேர்ந்து, எப்ப முடியும், இதுக்காக எத நிறுத்தப் போறோம்னு எழுதுங்க, இந்தக் கடைசிக் கேள்விலதான் ரூம்ல அமைதியாயிடும் ஆனா விடாதீங்க.

ரொம்பப் பேர் சறுக்கற இடம் காசு. ஒரு தடவ வர்ற பணத்த வச்சு வருஷா வருஷம் வர்ற செலவ ஆரம்பிச்சுடறாங்க. புது லேப் கட்ட கிராண்ட் கிடைக்கும், ஆனா கரண்ட் பில், மெஷின் பராமரிப்பு, டெக்னீஷியன் சம்பளம் எல்லாம் கிராண்ட் முடிஞ்சப்புறமும் வந்துக்கிட்டே இருக்கும், பிஎச்டி ஸ்டூடண்ட எடுத்தா அவங்க முடிக்கற வரைக்கும் உதவித்தொகைக்கு வழி இருக்கணும், நடுவுல கைவிட்டா அது ஒருத்தரோட வாழ்க்கை. அதனால ஒரு முறை செலவு, தொடர் செலவுன்னு ரெண்டு தனித்தனி பட்டியலாப் பிரிச்சு எழுதியே ஆகணும்.

ரேங்கிங்ல இத்தனாவது இடம்னு இலக்கு வைக்காதீங்க, மத்தவங்க ஏறினா நீங்க நல்லா பண்ணியும் இறங்குவீங்க. பட்டம் முடிக்கறவங்க விகிதம், மொதல் தலைமுறையா படிக்க வர்றவங்க எண்ணிக்கை மாதிரி உங்க கைல இருக்கறத வைங்க.

டிராஃப்ட் ரெடியானதும் டீன்களுக்கு மட்டும் அனுப்பாம லேப் டெக்னீஷியன், லைப்ரரி ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ் கைக்கும் போகட்டும், அவங்க சொன்னதுல எத ஏத்துக்கிட்டோம் எத ஏத்துக்கல ஏன்னு வெளிப்படையா போடுங்க. வருஷாந்திர ரிவியூவ பட்ஜெட் மீட்டிங்குக்கு ஒரு மாசம் முன்னாடி தேதி குறிச்சு வச்சுடுங்க, அப்பதான் ரிவியூல தெரிஞ்சது அந்த வருஷ ஒதுக்கீட்டுலயே வரும்.