பரோக் கச்சேரிப் பருவம்: புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் 1979-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாஃபெல்மியூசிக் என்னும் குழு, பரோக் இசை உள்ளிட்ட 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய இசையை, அது எழுதப்பட்ட நாளில் புழக்கத்தில் இருந்த வகைக் கருவிகளிலேயே வாசித்து வருகிறது. 1981 முதல் 2014 வரை அதை வழிநடத்திய வயலின் கலைஞர் ஜீன் லமோனின் பெயரைத் தாங்கிய அரங்கு, புளோர் தெருவில் டிரினிட்டி-செயின்ட் பால்ஸ் தேவாலயக் கட்டடத்துக்குள் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தொடங்கி இளவேனில் வரை நீளும் அதன் கச்சேரிப் பருவத்துக்குப் புதிதாகச் செல்லும் நம்மவர்கள் சிலர், நல்ல செவி உள்ளவர்களாக இருந்தும், ஏமாற்றத்தோடு திரும்புவதுண்டு. வந்திருப்பது சிம்பொனி இசைக்குழுவின் சிறிய பதிப்பு என்றோ, இசைக்கான ஓர் அருங்காட்சியகம் என்றோ முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உட்காருவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

அருங்காட்சியக எண்ணத்தை முதலில் பார்ப்போம். மேடையில் இருக்கும் கருவிகள் அனைத்தும் முந்நூறு ஆண்டுப் பழமை உடையவை என்று நினைப்பது தவறு. சில உண்மையிலேயே பழையவை. பல, பழைய மாதிரிகளை அளந்து நம் காலத்துக் கைவினைஞர்கள் செய்தவை. 1737-இல் இறந்த ஸ்திராதிவாரி செய்த வயலின்களில் மிகப் பெரும்பாலானவை, பிற்காலத்தில் பெரிய அரங்குகளுக்கு ஏற்ற ஒலி வேண்டுமென்று பிரிக்கப்பட்டு, கழுத்து மாற்றப்பட்டு, உள்ளே இருக்கும் தாங்குகட்டை தடிமனாக்கப்பட்டு, தந்திகளின் இழுவிசை கூட்டப்பட்டவை. ஆகையால் இன்று ஒரு பெயர்பெற்ற தனிக்கலைஞரின் தோளில் இருக்கும் ஸ்திராதிவாரியைவிட, சில ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, ஆட்டுக் குடலில் திரித்த நரம்புகள் பூட்டப்பட்டு, மோவாய்த் தாங்கி இல்லாமல், இலேசான பழைய வகை வில்லால் வாசிக்கப்படும் புது வயலின்தான் அக்கால இசையமைப்பாளர் விவால்டி அறிந்த கருவிக்கு அருகில் நிற்கிறது. மரத்தின் வயதைவிட அது பூட்டப்பட்டிருக்கும் முறையே இங்கு முக்கியம்.

அடுத்தது சுருதி பற்றியது. சிறுவயதில் பியானோ படித்தவர்கள், இந்தக் கச்சேரிகளில் எல்லாம் அரைக்கட்டை கீழே ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, ஏதோ பிசகு என்று முகம் சுளிப்பார்கள். மேலை இசையில் A எனப்படும் சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள் என்னும் அளவு 1939-இல் லண்டனில் கூடிய ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டது. பரோக் இசையமைப்பாளர் பாக் 1750-இலேயே இறந்துவிட்டார். பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415-ஐயும், மோட்சார்ட் காலத்து இசைக்கு 430-ஐயும், பிரெஞ்சு இசைக்குச் சில வேளை 392-ஐயும் கொள்கின்றன. பாடகர் தம் குரலுக்கேற்ப ஒரு கட்டையோ ஐந்து கட்டையோ வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் இதற்கு மறுபுறத்தில் இன்னொரு தவறும் இருக்கிறது: 415-தான் ‘உண்மையான’ பழைய சுருதி என்று நம்புவது. அந்நாளில் சுருதி ஊருக்கு ஊர் மாறியது. பல ஜெர்மானியத் தேவாலய ஆர்கன்கள் இன்றைய அளவைவிட உயர்ந்தே இருந்தன. இன்றைய சுருதிக்குச் சரியாக அரைக்கட்டை கீழே இருப்பதால், பியானோவுக்கு முந்திய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டின் விசைப்பலகையை ஓர் இடம் நகர்த்தினாலே இரண்டுக்கும் பயன்படும் என்ற வசதியையும் கருதி, 20-ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுதான் 415.

ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் அவர்கள் நீண்ட நேரம் சுருதி சேர்ப்பதைப் பயிற்சிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. குடல் நரம்பு ஈரத்தையும் வெப்பத்தையும் உடனே உணர்ந்து இளகும் அல்லது இறுகும். கனடாவின் குளிர்காலத்தில், வெப்பமூட்டிகளால் வறண்டுபோன அரங்கில் நூற்றுக்கணக்கானோர் வந்து அமர்ந்து மூச்சுவிட்டதுமே காற்றின் ஈரப்பதம் மாறிவிடும். லூட் என்னும் பல தந்திகள் கொண்ட மீட்டுகருவியை வாசித்து எண்பது வயது வாழ்ந்த கலைஞர் அதில் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மத்தேசன் கேலி செய்திருக்கிறார்; அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆளுயரத்தையும் தாண்டக்கூடிய தியோர்போவுக்கும் அது பொருந்தும். இடைவேளையில் ஹார்ப்சிகார்டைச் சுருதி சேர்ப்பவரைச் சுற்றி நின்று பேசுவதையும் படமெடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. மெல்லிய அதிர்வுகளை எண்ணிக் கேட்கும் வேலை அது.

இருக்கை தேர்வதில் நேரும் தவறு பணத்தை வீணாக்கும். பெரிய சிம்பொனி அரங்கில் பின்வரிசையில் அமர்ந்தாலும் ஒலி வந்து சேரும், இங்கே அப்படியில்லை. ஹார்ப்சிகார்டில் விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சின்ன முள் ஒன்று தந்தியைச் சுண்டும் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை; மரக்குழலும் உலோகக் குழலைப்போல் ஊடுருவாது. ஒலிப்பதிவுகளில் மைக்கை அருகில் வைத்து ஹார்ப்சிகார்டைப் பெரிதாக்கிக் கேட்டுப் பழகியவர்கள், நேரில் அது மற்றக் கருவிகளுக்குள் கரைந்து ஒலிப்பதைக் குறையாகக் கருதுகிறார்கள். தாளத்துக்கு விளிம்பு கொடுத்து, அடிநாதத்தைத் தாங்குவதே அதன் வேலை. பெரிய அரங்கில் தூரத்து இருக்கையில் இரண்டு கச்சேரி கேட்பதற்குப் பதிலாக, சிறிய அரங்கில் அருகே அமர்ந்து ஒன்று கேட்பதே என் தேர்வாக இருக்கும்.

பித்தளைக் கருவிகள் சுரம் தவறுகின்றன என்ற தீர்ப்பை அவசரப்பட்டு வழங்கக்கூடாது. வால்வு என்பது 1815-ஐ ஒட்டி வந்த கண்டுபிடிப்பு. அதற்கு முந்திய கொம்பிலும் எக்காளத்திலும் ஒரே நீளக் குழாய் இயல்பாகத் தரும் இசைவரிசையை உதட்டால் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரிசையின் பதினோராவது சுரம், நம் கணக்கில் சொன்னால், சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. அதை உதட்டால் வளைத்தோ, கொம்பாக இருந்தால் அதன் அகன்ற முனைக்குள் கையை நுழைத்தோ சரி செய்கிறார்கள். இன்று எக்காளம் வாசிப்போர் பலர் குழாயில் சிறு துளைகள் இட்டுக்கொள்வதும் உண்டு. அத்துளைகள் பாக் காலத்தில் இல்லை, 20-ஆம் நூற்றாண்டின் சேர்க்கை. பழமையை நூற்றுக்கு நூறு மீட்டுவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம் செவி அதிகம் இடறுவது, தந்திமேல் விரலை அசைத்து வயலினில் எழுப்பும் நடுக்கத்தில் (வைப்ராட்டோ)தான். பழைய முறையில் அசைவே கிடையாது, எல்லாச் சுரமும் தட்டையாக நிற்கும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1751-இல் வெளியான தம் வயலின் நூலில் வயலின் கலைஞர் ஜெமினியானி, இந்த நடுக்கத்தை இயன்றவரை அடிக்கடி பயன்படுத்தச் சொல்கிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் மோட்சார்ட், ஒவ்வொரு சுரத்திலும் ஓயாத காய்ச்சல் கண்டவர்போல் நடுங்குபவர்களைக் கண்டிக்கிறார். ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு வேறுபாடு இருந்தபோது, அந்நாளின் பாணி இதுதான் என்று ஒரே விதியாகச் சொல்ல முடியாது. கலைஞர்கள் ஏட்டைப் படித்து, ஊரையும் ஆண்டையும் இசையமைப்பாளரையும் கருதி, எங்கே அசைப்பது எங்கே விடுவது என்று தாமே தீர்மானிக்கிறார்கள். கேட்பவர் கவனிக்க வேண்டியது அந்தத் தீர்மானங்களைத்தான். இன்று நாம் கேட்கும் பழைய இசையின் வேகமும் கூர்மையும் உண்மையில் 20-ஆம் நூற்றாண்டின் ரசனையே என்று இசையறிஞர் ரிச்சர்ட் தரஸ்கின் வாதிட்டார்; அது முழுவதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத வாதம்.

கைதட்டல் குறித்து ஒரு சொல். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவில் அமைதி காப்பது தொன்மையான மரபு என்று பக்கத்தில் இருப்பவரை முறைக்கிறவர்கள், 1778-இல் பாரிசில் தம் சிம்பொனியின் முதல் பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே அவையோர் கைதட்டியதை மோட்சார்ட் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதியதை அறிய வேண்டும். இருந்தாலும் இன்றைய அவையின் வழக்கத்தை ஒட்டி நடப்பதே முறை.

பருவம் முழுவதற்கும் பட்டியல் பார்த்துச் சீட்டு எடுக்கும்போது, தெரிந்த பெயர்களை மட்டும் குறித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பீபர், செலென்கா, ராமோ ஆகிய பரோக் இசையமைப்பாளர்களின் இசைதான் இந்தக் கருவிகளின் முழு நிறத்தையும் காட்டும்; அவற்றை விட்டுவிட்டு விவால்டியின் நான்கு பருவங்களையே நான்காம் முறை கேட்பது இழப்பு. டிசம்பரில் ஹாண்டலின் ‘மெசையா’ என்னும் பெரும் பாடற்படைப்புக்குச் செல்வோர் இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். மாஸி ஹாலில் நடந்துவரும் ‘சேர்ந்து பாடும் மெசையா’வில், டாஃபெல்மியூசிக்கின் பாடற்குழுவை வழிநடத்திய ஐவர்ஸ் டௌரின்ஸ் நீண்ட காலமாக ஹாண்டலின் வேடமிட்டு அவையையே பாட வைத்து வந்திருக்கிறார், அங்கே வருவோர் கையில் இசைச்சுவடியோடு வருகிறார்கள், பக்கத்து இருக்கைக்காரர் உரக்கப் பாடுவார். பாடத் தெரியாமல், கேட்க மட்டும் விரும்புகிறவர்கள் அதற்கு முந்திய நாட்களில் நடக்கும் வழக்கமான நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குவதே தகும்.