நோ-பால் போடாமல் பந்து வீசப் பழகுவது: கோடு கிழிப்பதிலிருந்து ஆரம்பிப்போம்

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு டென்னிஸ் பந்து மேட்ச். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வயிறு கலங்கிப் போய் இறங்கினோம். கடைசி ஓவர் என் கையில். மூன்று நோ-பால் (விதி மீறி வீசிய செல்லாத பந்து), மூன்றுக்கும் ஃப்ரீ ஹிட் (அடுத்த பந்தில் பேட்ஸ்மேனைப் பவுல்டோ கேட்ச்சோ ஆக்க முடியாது). ஓவர் முடியும் முன்பே மேட்ச் முடிந்துவிட்டது. அம்பயராக நின்ற அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"கோட்டு மேலதானேண்ணா கால் இருக்கு?"

"கோட்டு மேல இருந்தா பத்தாது தம்பி. கோட்டுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கோணும்."

அந்த ஒரு வரி முழுசாகப் புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஓவருக்கு ஆறு பந்து, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடக் கூடாது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கோட்டைச் சரியாகப் போடுங்கள்

தேவை: நீளமான டேப், கொத்தனார் நூல், வெள்ளை டிஸ்டெம்பர் கரைசல், பழைய பிரஷ். கோலமாவு வேண்டவே வேண்டாம், ஒரு காற்றுக்குத் தாங்காது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் எரிச்சல் தாங்க முடியாது. காலடியால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். எங்கள் டீமில் ஆளுக்கு ஒரு 22 கஜம் இருந்தது.

ஸ்டம்ப்புக்கும் ஸ்டம்ப்புக்கும் 66 அடி. நடு ஸ்டம்பின் மையத்திலிருந்து எதிர்முனையைப் பார்த்து 4 அடி அளந்து குறுக்கே நூல் கட்டுங்கள். அதுதான் பாப்பிங் கிரீஸ், பவுலரின் முன்காலுக்கான கோடு. இப்போது பிரஷ்ஷை நூலுக்கு எந்தப் பக்கம் ஓட்டுவது? முன்பக்கம் மட்டும். ஏனென்றால் விதிப்படி கிரீஸ் என்பது அந்த வெள்ளைப் பட்டையின் பின் ஓரம்தான், பட்டை முழுவதும் இல்லை. நாங்கள் வருஷக்கணக்கில் நூலுக்குப் பின்பக்கம் பூசி, பவுலருக்குச் சேர வேண்டிய இரண்டு அங்குலத்தைத் தின்றுகொண்டிருந்தோம்.

பக்கவாட்டில் ரிட்டர்ன் கிரீஸ்: நடு ஸ்டம்பிலிருந்து இரண்டு பக்கமும் 4 அடி 4 அங்குலம். இதில் உள் ஓரம்தான் கணக்கு, அதனால் வெளிப்பக்கமாகப் பூசுங்கள்.

படி 2: முன்கால் (நான் விழுந்த இடம்)

பந்தை விடும்போது ஊன்றும் முன்காலில் ஏதாவது ஒரு பகுதி அந்தப் பின் ஓரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். அது தரையில் படாமல் அந்தரத்தில் இருந்தாலும் சரி. அதாவது, முன்பாதம் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்கிறது, குதிகால் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது என்றால் நல்ல பந்து. குதிகால் தரையில்தான், ஆனால் வெள்ளைப் பட்டை மேலேயே இருக்கிறது என்றால் நோ-பால். ரன் அவுட்டில் பேட் கோட்டு மேல் இருந்தால் அவுட் கொடுக்கிறோம் இல்லையா? அதே கோடு, அதே நியாயம். டென்னிஸில் கோட்டில் விழுந்த பந்து உள்ளே என்பதைப் பார்த்துப் பார்த்து வந்த குழப்பம் இது.

இன்னொன்று: கால் முதலில் ஊன்றும் இடம்தான் கணக்கு. அதன் பிறகு வழுக்கி முன்னால் போனால் தப்பில்லை. ஏற்காட்டு ஈரப் புல்லில் இது தெரிந்திருந்தால் ஒரு பந்துக்காவது வாதாடியிருப்பேன்!

கண்ணால் பார்த்துத் திருந்த முடியாது, பந்து விடும்போது கண் எதிரே இருக்கும். நான் செய்தது: கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சலித்த செம்மண்ணைத் தூவி லேசாகத் தண்ணீர் தெளித்தேன். ஆறு பந்து போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால், ஷூவின் ஆணிக் குமிழ் அச்சு ஒவ்வொன்றும் அப்படியே பதிந்திருக்கிறது. என் முதல் ஓவரில் நான்கு அச்சில் குதிகாலின் கடைசிக் குமிழ்கூட வெள்ளைக்கு முன்னால். கோட்டில் செருப்பையோ குச்சியையோ வைத்துப் பழகாதீர்கள், கணுக்கால் மடங்கும்.

படி 3: ரன்-அப்பை (ஓடிவரும் தூரத்தை) திருப்பி அளங்கள்

பாப்பிங் கிரீஸில் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டி நின்று, ரன்-அப் தொடங்கும் பக்கமாக ஓடி, இயல்பாகப் பந்தை விடுங்கள். முன்கால் விழும் இடத்தை நண்பர் குறிக்கட்டும். ஆறு முறை செய்து நடுவாந்தரமான இடத்தை எடுத்து டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். சரிவான மைதானம் என்றால் அங்கே போய் மறுபடி அளக்க வேண்டும். இறக்கத்தில் காலடி தானாக நீளும். என் மூன்று நோ-பாலுக்கும் காரணம் அதுதான்.

படி 4: மற்றவை

பின்கால் ஊன்றும்போது ரிட்டர்ன் கிரீஸைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். தரையில் படாமல் இடுப்புக்கு மேலே வரும் ஃபுல் டாஸ், ஸ்பின்னர் போட்டாலும் நோ-பால். அம்பயரிடம் சொல்லாமல் ரவுண்ட் தி விக்கெட் (ஸ்டம்ப்பின் மறுபக்கமாக வந்து போடுவது) மாறினாலும் நோ-பால்.

கை விஷயத்தில் நம் ஊரில் உடனே "மாங்கா அடிக்கிறான்" என்பார்கள், அதாவது பந்தை வீசாமல் எறிகிறான் என்று. கை மடங்கியிருப்பது குற்றமில்லை. தோள் உயரத்துக்கு வந்த பிறகு முழங்கை நிமிர்வதுதான் குற்றம். சர்வதேச ஆட்டத்தில் 15 டிகிரி வரை விடுகிறார்கள். நம்ம சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்கே 2015-இல் ரஞ்சிக் கோப்பைக்கு வந்த புதிதில் ஆக்‌ஷன் மேல் சந்தேகம் கிளம்பியது. சரிசெய்துகொண்டு வந்தவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார்.

சேர்த்தது 1: "எங்கள் லீக்கில் காலுக்கு மட்டும்தான் ஃப்ரீ ஹிட்" (கால் தப்பிய நோ-பாலுக்கு மட்டும்) என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய கணக்கு. ஒருநாள் ஆட்டத்தில் 2007-இல் அப்படித்தான் தொடங்கியது, 2015 முதல் எல்லா நோ-பாலுக்கும் உண்டு. உள்ளூரில் டாஸுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சேர்த்தது 2: மதியத்துக்குள் கோடு அழிந்துவிடுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நடு ஸ்டம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஆறு அடிக்குக் கொஞ்சம் வெளியே, நூலின் நேர்க்கோட்டில் பக்கத்துக்கொரு நாலு அங்குல ஆணியைத் தலை மண்ணோடு மட்டமாகும்வரை அடித்துவிடுங்கள். டிரிங்ஸ் இடைவேளையில் ஆணிக்கு ஆணி நூலைப் பிடித்து ஒரு இழுப்பு பூசினால் போதும், டேப் எடுக்கவே வேண்டாம். மேட்ச் முடிந்ததும் ஆணியைப் பிடுங்க மறக்காதீர்கள். சாயங்காலம் அங்கே சின்னப் பையன்கள் வெறுங்காலில் ஆடுவார்கள்.