டிஸ்க் மாற்றியபின் ரெய்டு எழவில்லையா? பதற்றத்தில் செய்யக்கூடாத தவறுகள்

நாஸ் என்பது வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் முறை. அப்படி நான்கு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியில் ஒன்று பழுதாகிறது. புதியது வாங்கிச் செருகுகிறீர்கள். மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு அதை நிரப்பும் ரீபில்டு ஓடத் தொடங்குகிறது. பாதியைத் தாண்டியதும் இன்னொரு டிஸ்க்கில் பிழை வருகிறது. ரீபில்டு நின்றுவிடுகிறது, பகிர்ந்த கோப்புறைகள் எல்லாம் காணாமல் போகின்றன. பல வருடப் புகைப்படங்களும் கணக்குகளும் அதில் இருந்தால் வயிற்றைப் பிசையும். ஆனால், அந்த நிமிடத்தில் உங்கள் கோப்புகள் அநேகமாக அந்த டிஸ்க்குகளிலேயே பத்திரமாக இருக்கின்றன. நான் பார்த்தவரை, மீட்க முடியாத இழப்பு டிஸ்க் பழுதான நேரத்தில் வருவதில்லை. அடுத்த சில மணி நேரத்தில், எதையாவது செய்தாக வேண்டும் என்று நாமே அந்த டிஸ்க்குகளின் மேல் எழுதும்போதுதான் வருகிறது.

இரண்டாவது டிஸ்க் அந்த நேரம் பார்த்து விழுவதற்குக் காரணம் உண்டு. இங்கே நாம் பேசும் ரெய்டு 5 வகை ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும். ரீபில்டு செய்ய மீதமுள்ள டிஸ்க்குகளை முதல் செக்டாரிலிருந்து (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறு) கடைசி வரை படித்தாக வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத இடங்களும் அப்போதுதான் படிக்கப்படுகின்றன. ஏற்கெனவே கெட்டுப்போய்க் கிடந்த ஒரு செக்டார் அன்றைக்கு வெளியே தெரிகிறது. உடனே மென்பொருள் முழு டிஸ்க்கையும் தொகுப்பிலிருந்து தள்ளிவைத்துவிடலாம். திரையில் 'பழுது' என்று வந்தாலும், அந்த டிஸ்க்கின் ஏனைய பகுதி முழுவதும் படிக்கக்கூடியதாகவே இருக்கலாம். மீட்புக்கான நம்பிக்கை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முதல் தவறு, திரும்பத் திரும்ப முயல்வது

பெட்டியை அணைத்துப் போடுவது, டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, ரீபில்டை மீண்டும் தொடங்கிப் பார்ப்பது. பலவீனமான டிஸ்க்குக்கு ஒவ்வொரு முயற்சியும் பல மணி நேர வேலை. போதாததற்கு, சில பெட்டிகள் எழும்போதே தாமாக ரீபில்டைத் தொடங்கிவிடும்; 'புதிய சேமிப்பகம் உருவாக்கவா?' என்று கேட்டு ஒரு பொத்தானையும் காட்டும். அந்தப் பொத்தானை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள்.

மாறாக, பெட்டி ஓடிக்கொண்டிருந்தால், நடந்ததைக் குறித்துவைத்திருக்கும் பதிவுக் (லாக்) கோப்புகளை வேறு கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முறையாக அணைத்து, எந்த இடத்தில் எந்த டிஸ்க் இருந்தது என்று சீரியல் எண்ணோடு தாளில் எழுதுங்கள், படமும் எடுங்கள். இயங்குதளமான லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை நம்பக்கூடாது. அடுத்த முறை எழும்போது அவை இடம் மாறலாம். சீரியல் எண் மாறாது. பழுதான டிஸ்க்குக்குப் பதில் நல்ல டிஸ்க்கை உருவிவிடும் விபத்துக்கும் இந்தக் குழப்பமே காரணம். ஒரு பெட்டி 0 முதல் எண்ணும், இன்னொன்று 1 முதல் எண்ணும்.

கேபிள் குற்றத்துக்கு டிஸ்க்கைத் தண்டிப்பது

இன்னொரு புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்கள் செக்டார்களின் நிலையைச் சொல்பவை. அவை ஏறினால் டிஸ்க் கெடுகிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் குற்றவாளி.

காத்திருக்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாஸுக்கென்று செய்த டிஸ்க்குகள் ஒரு செக்டாரைப் படிக்க வழக்கமாக ஏறத்தாழ 7 விநாடி முயன்று, முடியாவிட்டால் பிழை சொல்லிவிடும். மேசைக் கணினி டிஸ்க்குகள் நிமிடக்கணக்கில்கூட மல்லுக்கட்டும். லினக்ஸோ வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மீட்டமைக்கும், அதன் விளைவாக டிஸ்க் தொகுப்பிலிருந்து வெளியேற்றப்படலாம். அத்தகைய டிஸ்க்குகளுக்கு அந்தப் பொறுமையை 180 விநாடியாக உயர்த்தி வைப்பது வழக்கம்.

எல்லாவற்றிலும் கொடியது: 'கிரியேட்'

பல நாஸ் பெட்டிகளின் அடியில் ஓடுவது லினக்ஸின் எம்டி ரெய்டுதான். அதைக் கையாளும் கருவி எம்டிஏடிஎம். அதில் 'அசெம்பிள்' என்பது இருக்கும் தொகுப்பை ஒன்றுசேர்க்கும் கட்டளை. 'கிரியேட்' என்பது புதிதாக ஒன்றை உருவாக்கும் கட்டளை. தொகுப்பு எழவில்லை என்றதும் அதே டிஸ்க்குகளை வைத்துத் திரும்பக் கிரியேட் செய்தால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்ததை நம்பிச் செய்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நொந்துபோகிறது.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு பகுதி இருக்கிறது. இந்த டிஸ்க் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது, டிஸ்க்குகளுக்குத் தரவைப் பிரித்துப்போடும் துண்டின் அளவு என்ன, தரவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். கிரியேட் செய்தால் அது அழிந்து புதியது எழுதப்படும். துண்டின் அளவு பழைய எம்டிஏடிஎம் பதிப்புகளில் 64 கிலோபைட், பின்னர் 512. தரவு தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. நான்கு டிஸ்க்குகளை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் கிடைப்பது குப்பைதான். அதோடு முடிவதில்லை. ரெய்டு 5-ஐக் கிரியேட் செய்ததும், கட்டளையில் கடைசியாகக் குறிப்பிட்ட டிஸ்க்கின் மேல் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதத் தொடங்குவதே அதன் இயல்பு. அந்த டிஸ்க்கில் இருந்தது நிமிடத்துக்கு நிமிடம் அழிந்துகொண்டே போகும்.

சரியான வழி சூப்பர்பிளாக்கை முதலில் படிப்பது. 'எக்ஸாமின்' கட்டளை எதையும் எழுதாது. அதன் வெளியீட்டில் 'ஈவென்ட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். தொகுப்பில் மாற்றம் நிகழும்போது ஏறும் எண் அது. உதாரணமாக, முதல் இரண்டு டிஸ்க்குகளில் 91452, ரீபில்டின் நடுவே விழுந்த மூன்றாவதில் 91447, முதலில் பழுதாகிக் கழற்றிய பழைய டிஸ்க்கில் 88010 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது டிஸ்க் வெறும் 5 எண்தான் பின்தங்கியிருக்கிறது. அதில் இருப்பது ஏறக்குறைய அந்தக் கடைசி நொடியின் தரவு. ஆகவே இந்த மூன்றையும் 'ஃபோர்ஸ்' என்ற கட்டாயப்படுத்தும் சொல்லைச் சேர்த்து அசெம்பிள் செய்யலாம். பாதி எழுதப்பட்ட புதிய டிஸ்க்கைச் சேர்க்கக்கூடாது. வெகுதூரம் பின்தங்கிய பழையதையும் சேர்க்கக்கூடாது, ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம்.

ஃபோர்ஸும் சூப்பர்பிளாக்கில் எழுதும் என்பதால் அதை மூல டிஸ்க்குகளில் முயலாதீர்கள். முதலில் நகல் எடுக்க வேண்டும்.

நகல் எடுக்காமல் இறங்குவது

க்னூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ள கருவி. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். அந்தக் கோப்பைக் கொடுக்காமல் ஓட்டாதீர்கள். பொறுமை வேண்டும். 16 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் படித்தாலே 22 மணி நேரம் ஆகும், பலவீனமான டிஸ்க் அந்த வேகத்தையும் தராது. எதிலிருந்து எதற்கு என்பதைச் சீரியல் எண்ணை வைத்து இருமுறை சரிபாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும்.

எல்லா டிஸ்க்குக்கும் நகல் எடுக்க இடமில்லை என்றால், பலவீனமானதை மட்டுமாவது நகலெடுத்துவிட்டு, நல்லவற்றின் மேல் ஓவர்லே போடுங்கள். லினக்ஸின் ஸ்னாப்ஷாட் வசதியைக் கொண்டு, எழுதப்படும் எல்லாம் தனிக் கோப்புக்குப் போகும்படி செய்யும் முறை இது. மூலத்தில் ஒரு பைட்கூட மாறாது.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இந்த வேலைகள் எதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

எழுந்ததும் பழுதுபார்க்கத் துடிப்பது

தொகுப்பு எழுந்துவிட்டது, ஆனால் கோப்பு முறைமை பிழை காட்டுகிறது. கை தானாக, கோப்பு முறைமையைத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையைத் தட்டச்சு செய்யப் போகும். டிஸ்க் வரிசை தவறாக இருக்கும் நிலையில் அதை ஓட்டினால், சரியாக இருக்கும் கட்டமைப்பையே பிழை என்று நினைத்துத் 'திருத்தி' வைத்துவிடும். முதலில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள், அதாவது கோப்பு முறைமையைக் கணினியில் இணைத்துத் திறங்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை படிக்க மட்டும் மவுன்ட் ஆகும்போதும், ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டை ஓட்டி எழுதிவிடக்கூடும். 'நோலோட்' சேர்த்தால் எழுதாது, எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் அது 'நோரிகவரி'.

கோப்புப் பட்டியல் வந்துவிட்டதாலேயே வரிசை சரி என்று முடிவுகட்டக்கூடாது. 512 கிலோபைட்டுக்குள் அடங்கும் கோப்பு ஒரே துண்டில் இருக்கலாம். வரிசை தவறானாலும் அது திறந்துவிடும். பெரிய கோப்பைச் சோதியுங்கள். பல மெகாபைட் புகைப்படம் பாதியில் சாம்பல் பட்டையாக மாறினால், இன்னும் எங்கோ தவறு இருக்கிறது.

ரெய்டையும் கோப்பு முறைமையையும் ஒன்றாகக் கொண்ட இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோருக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. புதிய டிஸ்க்கை 'ரிப்ளேஸ்' செய்வதற்குப் பதில் 'ஆட்' செய்துவிடுவது. எச்சரிக்கை வரும்; அதையும் மீறிக் கட்டாயப்படுத்தினால், பாதுகாப்பற்ற தனி டிஸ்க் ஒன்று தொகுப்பின் நிரந்தர அங்கமாகிவிடும். ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5 போன்ற அமைப்பு) இருக்கும் தொகுப்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. ரெய்டை வன்பொருளிலேயே நடத்தும் ரெய்டு கார்டு பயன்படுத்துவோர், 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்ற செய்தி வந்தால் 'கிளியர்' என்பதைத் தொடவேண்டாம்; டிஸ்க்கில் இருக்கும் தொகுப்பு விவரத்தை அது அழித்துவிடும்.

கோப்புகள் சரியாகத் திறக்கத் தொடங்கியதும் மீண்டும் ரீபில்டு செய்யும் ஆசை வரும். அதற்கு முன் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள், ஈடு செய்யவே முடியாதவற்றை முதலில். மூல டிஸ்க்குகளைச் சீரியல் எண் எழுதிய உறைகளில் போட்டுச் சில மாதங்களாவது வைத்திருங்கள். நகலில் ஒரு கோப்பு கெட்டிருப்பது எப்போதோ ஒருநாள் தேடும்போதுதான் தெரியவரும். அப்போது திரும்பப் போய்ப் பார்க்க அவை இருக்க வேண்டும்.