வீட்டுக்குக் காற்றாலை வாங்கப் போகிறீர்களா? வாட்டைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள்

பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு, வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்ததும் நம் வீட்டிலும் சின்னதாக ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும். ஆசையில் தப்பில்லை. சரியான இடத்தில், சரியான அளவில் வைத்தால் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் வாங்கும்போது முதல் படியிலேயே பலர் சறுக்குகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

'1 கிலோவாட்' என்று எழுதியிருந்தால், வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது அவ்வளவு வரும் என்றுதான் பொருள். அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பெரிய கிளைகளெல்லாம் ஆடும், குடையை விரித்துப் பிடிப்பதே சிரமம் என்கிற காற்று அது. உங்கள் ஊரில் வருஷத்தில் எத்தனை நாள் அப்படி அடிக்கிறது? மற்ற நாளெல்லாம் என்ன கிடைக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால் காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 2 மீட்டர் என்றால், பரப்பு 3.14 சதுர மீட்டர். வினாடிக்கு 12 மீட்டர் காற்றில் அந்த வட்டத்துக்குள் புகும் சக்தி 3,100 வாட்டுக்குச் சற்று மேல். அதில் முப்பது சதவீதத்தை எடுத்தாலே 1 கிலோவாட்டை நெருங்கிவிடலாம், பெட்டியில் எழுதியது பொய்யில்லை. அதே இயந்திரத்தின் மேல் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் உள்ளே வருவது 118 வாட். நம் கைக்கு வருவது சுமார் 35 வாட். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்றைக்கூட அது ஓட்டாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது விட்டம். இணையத்தில் 1.2 மீட்டர் விட்டமுள்ள ஒன்றை '5000 வாட்' என்று போட்டு விற்பதைப் பார்த்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். 12 மீட்டர் காற்றில் அந்த வட்டத்துக்குள் வரும் மொத்தச் சக்தியே 1,150 வாட்டைத் தாண்டாது. அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கண்ட வரம்பு. காற்றில் இல்லாத சக்தியை இறக்கை எங்கிருந்து கொண்டுவரும்? ஒழுங்காகச் சோதனை செய்து விற்கும் கம்பெனிகள், சராசரி 5 மீட்டர் காற்றில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று கொடுப்பார்கள். அந்த எண்ணைக் கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

செங்குத்தாக நிற்கும் திருகு வடிவக் காற்றாலைகள் பார்க்க அழகாக இருக்கும், எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும். ஆனால் அதே பரப்புக்கு அவை பொதுவாகக் குறைவாகத்தான் தரும். வீட்டுத் தேவைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அடுத்த தவறு இன்னும் பெரியது: மொட்டை மாடியில் வைப்பது. மாடியில் நன்றாகக் காற்று வருகிறது, துணி பறக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுச் சுவரில் மோதி மேலே ஏறும் காற்று ஒரே சீராக வராது, சுழன்று சுழன்று வரும். அந்தச் சுழலில் இயந்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்குமே தவிர உருப்படியாகச் சுற்றாது. பேரிங் சீக்கிரம் தேயும். அதிர்வு கம்பம் வழியாகத் தளத்துக்குள் இறங்கி, ராத்திரியில் கீழே படுத்திருப்பவருக்கு 'ஊம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் வார்விக் சோதனை என்ற பெயரில் கட்டடங்களின் மேல் 26 சிறு காற்றாலைகளை வைத்து அளந்து, 2009ல் முடிவை வெளியிட்டார்கள். பழுதாகியோ நிறுத்தியோ வைத்த நேரத்தையும் சேர்த்தால் ஒரு காற்றாலை நாளுக்குச் சராசரியாகத் தந்தது 214 வாட்-மணி. கால் யூனிட்கூட இல்லை. காற்றுக்குப் பேர்போன நாட்டிலேயே அந்த நிலைமை.

காற்றாலை தரையிலிருந்து தனிக் கம்பத்தில் நிற்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், வீடு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் விட, இறக்கையின் கீழ் நுனி குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் வைத்திருக்கும் விதி. பக்கத்தில் 12 மீட்டர் தென்னை நின்றால், 1 மீட்டர் இறக்கை நீளத்தையும் சேர்த்துக் கம்பம் 22 மீட்டர் வேண்டும். அதற்கு அஸ்திவாரமும், கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்ட இடமும் தேவை. இதைக் கேட்டதும் பலர் கம்பத்தைக் குறைத்து இயந்திரத்தைப் பெரிதாக வாங்குகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை அது. வெட்டவெளியிலேயே 10 மீட்டர் கம்பத்தை 20 மீட்டராக்கினால் வேகம் பத்து சதவீதம் கூடும், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மரமும் வீடும் உள்ள இடத்தில் லாபம் அதற்கும் மேல்.

காற்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு 'எங்கள் ஊரில் 7 மீட்டர் காற்று' என்பவர்களும் உண்டு. சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடங்கள் பெரிய காற்றாலைகளுக்காகப் போடப்பட்டவை. அவை பெரும்பாலும் சொல்வது 100 மீட்டர் போன்ற உயரத்தில் வீசும் காற்றை. உங்கள் தோட்டத்தில் 18 மீட்டர் உயரத்தில் வீசுவது வேறு. காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி ஒன்றைக் கம்பத்தில் கட்டி, ஆடியும் ஐப்பசியும் அடங்கும்படியாவது அளந்து பாருங்கள். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற ஊரில், ஆடியில் மட்டும் அளந்தால் எல்லாரும் காற்றாலை வாங்கிவிடுவார்கள்.

சரி, எவ்வளவு பெரியது வேண்டும்? கரண்ட் பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்றால் நாளுக்கு 4 யூனிட். காற்றின் வருஷச் சராசரி வினாடிக்கு 5 மீட்டர் உள்ள இடத்தில் அதற்குச் சுமார் 2.7 மீட்டர் விட்டம் வேண்டும். சராசரி 4 மீட்டர்தான் என்றால் 3.8 மீட்டர் வேண்டும். அது 2.5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரம், அதைத் தாங்கும் கம்பமும் சாதாரணக் கம்பமல்ல. அதே 4 யூனிட்டைத் தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் சூரியத் தகடே சராசரியாகத் தந்துவிடும். மத்திய அரசின் வீட்டு மாடி மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை, சூரியத் தகட்டுக்குத்தான், காற்றாலைக்கு இல்லை. ஆகவே டவுனுக்குள் வீடு என்றால் காற்றாலையை மறந்துவிட்டு சோலார் போடுங்கள்.

காற்றாலைக்கு உண்மையான இடம் கணவாய்ப் பகுதித் தோட்டத்து வீடுகள். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல காற்று. அப்போதுதான் மேகமும் சாரலுமாகச் சூரியத் தகடு சோர்ந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். ஆனால் காற்றாலையை மட்டும் நம்பாதீர்கள். சீசன் முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் காற்று விழுந்துவிடும். ஆடியில் சேர்த்ததைக் கார்த்திகைக்குக் கொண்டுபோக எந்த பேட்டரியாலும் முடியாது. மின்வாரிய லைனில் இணைத்து விற்கலாம் என்று கடைக்காரர் சொன்னால், பணம் கட்டும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வீட்டில் இருக்கும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரிலேயே காற்றாலையையும் மாட்டுவது. பேட்டரி நிரம்பியதும் சோலார் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும். தகட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாலை அப்படியல்ல. பாரம் போனதும், இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிள் போல வேகம் ஏறிக்கொண்டே போகும், இறக்கை பிய்ந்து பறக்கும் வரை. காற்றாலைக்கென்று உள்ள கன்ட்ரோலர், பேட்டரி நிரம்பியதும் மிச்ச மின்சாரத்தை டம்ப் லோடு எனப்படும் பெரிய சூடேற்றிக்குத் திருப்பிவிடும். பாரம் ஒரு நொடியும் விடுபடாது. மாட்டும்போதும் முதலில் பேட்டரி, பிறகுதான் காற்றாலை.

ஒயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 24 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 மீட்டர் வந்து சேர்வதற்குள் 7 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். தூரம் இருந்தால் 48 வோல்ட் அமைப்பாக எடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் 2016ன் வர்தாவையும் 2018ன் கஜாவையும் நினைவில் வைத்துக்கொண்டு, படுக்கவைக்கக்கூடிய கம்பமாகப் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், காற்று இன்னும் லேசாக இருக்கும்போதே பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்தி, கம்பத்தைச் சாய்த்துக் கட்டிவிட வேண்டும். முழு வேகத்தில் சுற்றும்போது பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிப்போகும் வாய்ப்பு அதிகம்.