நேர் மாறல், எதிர் மாறல்: "கூடினால் கூடும்" என்பதோடு நின்றுவிடாதீர்கள்

பெருக்கலில், வகுத்தலில் நேரும் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தால் அவை தானே தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு விடைத்தாள்களில் மாறாமல் வந்துகொண்டிருக்கும் தவறுகள் வேறு வகை. அவற்றில் கணக்கு வழுவில்லாமல் போட்டிருக்கும். ஆனால் கேட்டது அந்தக் கணக்கு இல்லை.

சேர்ந்து கூடுவதெல்லாம் நேர் மாறல் இல்லை

"ஒன்று கூட மற்றதும் கூடினால் நேர் மாறல், குறைந்தால் எதிர் மாறல்." இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் இந்தப் பாடத்துக்கு நாம் செய்யும் பெரிய கேடு. நேர் மாறலில் இரண்டும் சேர்ந்து கூடும் என்பது உண்மை. சேர்ந்து கூடுவதெல்லாம் நேர் மாறல் என்பது உண்மை இல்லை. எத்தனை மடங்கு கூடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நேர் மாறல் என்றால் ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும். எதிர் மாறல் என்றால் இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும்.

சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். தூரம் கூடினால் கட்டணம் கூடுகிறது. உடனே நேர் மாறல் என்று முடிவுகட்டி, 9 கி.மீ. என்பது 1.8இன் 5 மடங்கு, ஆகவே 125 ரூபாய் என்று எழுதுகிறார்கள். உண்மையான கட்டணம் 25 + (7.2 × 12) = 111 ரூபாய் 40 காசு. ஏறி உட்கார்ந்ததுமே ஒரு தொகை விழுந்துவிடுகிறது. அதனால் கட்டணத்தைத் தூரத்தால் வகுத்தால் ஒரே எண் வராது.

சதுர மனையும் அப்படித்தான். பக்கம் 20 அடி என்றால் பரப்பு 400 சதுர அடி. பக்கம் 30 அடியானால் 600 இல்லை, 900.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 30 செ.மீ. மெழுகுவத்தி மணிக்கு 3 செ.மீ. எரிகிறது. நேரம் கூடக் கூட மிச்சமிருக்கும் நீளம் குறைகிறது. 2 மணி நேரத்தில் 24 செ.மீ., 4 மணி நேரத்தில் 18 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 48, 72. பெருக்கற்பலன் மாறிவிட்டது, ஆகவே எதிர் மாறல் இல்லை.

பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் நேர் மாறல், எதிர் மாறல் இரண்டில் ஒன்றாகவே இருப்பதால் அரைகுறை விதிக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: தவறு அங்கேயே பிடிபடுவதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில், வாயுவின் பருமன் வெப்பநிலையோடு நேர் மாறலில் இருக்கும் என்று சொல்லும் சார்லஸ் விதி வரும்போது, அழுத்தம் மாறாத வாயு 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் பருமன் இரண்டு மடங்காகும் என்று எழுதுவார்கள். செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வரும் கெல்வின் அளவுக்குத்தான் விதி பொருந்தும். 293 கெல்வின் 313 ஆகிறது. பருமன் சுமார் 7 விழுக்காடுதான் கூடுகிறது.

எனவே கணக்கைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி: ஒன்றை இரண்டு மடங்காக்கினால் மற்றது *சரியாக* இரண்டு மடங்காகுமா, *சரியாகப்* பாதியாகுமா? இரண்டும் இல்லையென்றால் இந்தப் பாடத்தின் சூத்திரம் எதையும் தொடக்கூடாது. அட்டவணை கொடுத்திருந்தால் எல்லா இணைகளுக்கும் வகுத்தோ பெருக்கியோ பாருங்கள். ஒரே ஓர் இணையை வைத்து முடிவு செய்ய முடியாது.

நடுவில் ஆள் சேரும் கணக்கு

விடுதியில் 80 மாணவர்களுக்கு 30 நாள் அரிசி இருக்கிறது. 10 நாள் கழித்து 20 பேர் சேர்கிறார்கள். மிச்ச அரிசி எத்தனை நாள் வரும்? 80 × 30 ÷ 100 = 24, அதில் போன 10 நாளைக் கழித்து 14 என்பார்கள். புதியவர்கள் முதல் 10 நாள் சாப்பிடவே இல்லையே! ஆள் எண்ணிக்கை மாறிய நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்: அன்று இருப்பது 80 பேருக்கு 20 நாள் அரிசி. 80 × 20 ÷ 100 = 16 நாள்.

மரத்தை அறுப்பது

3 துண்டாக்க 12 நிமிடம் என்றால் 6 துண்டாக்க 24 இல்லை, 30 நிமிடம். 3 துண்டுக்கு 2 அறுப்பு, 6 துண்டுக்கு 5 அறுப்பு. நேரம் அறுப்போடுதான் மாறுகிறது.

கூட்டு மாறலில் எதை எதோடு ஒப்பிடுவது

கூட்டு மாறல் என்றால் ஓர் அளவு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளைப் பொறுத்து மாறுவது. 12 பேர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்து 120 மீட்டர் சுவரை 10 நாளில் கட்டுகிறார்கள். 16 பேர் 6 மணி நேரம் வீதம் உழைத்தால் 180 மீட்டருக்கு எத்தனை நாள்? ஆள் கூடியிருக்கிறது, மணி குறைந்திருக்கிறது என்று அவை இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொன்றையும் நாளோடு மட்டும், மற்றவை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆள் கூடினால் நாள் குறையும்: 12/16. மணி குறைந்தால் நாள் கூடும்: 8/6. நீளம் கூடினால் நாள் கூடும்: 180/120. நாள் = 10 × 12/16 × 8/6 × 180/120 = 15. பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டோமா என்று சந்தேகம் வந்தால், நாள் கூட வேண்டிய இடத்தில் பின்னம் 1ஐவிடப் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அலகு

3 மணி 20 நிமிடம் என்பது 3.20 மணி இல்லை. 10/3 மணி.