ஏ/எல் புள்ளயளுக்கு: ஆய்வு புரபோசல் எழுத முதல் கேள்விய சின்னனாக்குங்க

ரிசர்ச் புரொஜெக்ட் ஒண்டு செய்யப் போறம், புரபோசல் எப்படி எழுதுற எண்டு தம்பி தங்கச்சிமார் கன பேர் கேக்கிறாங்க, எல்லாருக்கும் ஒண்டாச் சொன்னா நல்லம் எண்டுதான் இத எழுதுறன். புரபோசல் எண்டதும் அறிமுகம், நோக்கம், முறையியல் எண்டு தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கிடுறாங்க, அது கடைசில செய்ற வேலை. முதல் வேலை கேள்விய சின்னனாக்கிற. உங்கட கைல இருக்கிற சாமானால, உங்கட ஊருக்குள்ளயே, வாற மாரி முடியிறதுக்குள்ள பதில் எடுக்க ஏலுமான அளவுக்கு அத சின்னனாக்கோணும். இது சரியா வந்தா மற்றதெல்லாம் தன்ட பாட்டுல வரும்.

"மட்டக்களப்பு வாவி மாசடைதல்" எண்டு வருசா வருசம் யாராச்சும் எழுதிக் கொண்டு வருவாங்க. அக்கறையோட எடுத்த விசயம்தான், ஆனா அது தலைப்பு, கேள்வி இல்ல. வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம், பாலமீன்மடுப் பக்கம் ஒண்டு கல்லாத்துப் பக்கம் ஒண்டு எண்டு ரெண்டு வாய், மணல் அடைச்சுக் கிடக்கிற காலத்தில தண்ணி ஒரு மாதிரி, வெட்டி விட்டாப் பிறகு இன்னொரு மாதிரி, இவ்வளவையும் பள்ளிக்கூடப் புள்ள ஒண்டு ஆறு மாசத்தில அளந்து முடிக்க ஏலா. அதனால எந்த ஐடியா வந்தாலும் ரெண்டு விசயத்த உங்களிட்டயே கேளுங்க. நாளைக்குக் காலைல கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கிட்டு வெளிக்கிட்டா அதுல என்ன நம்பர எழுதுவீங்க? என்ன ரிசல்ட் வந்தா நான் நினைச்சது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவீங்க? ரெண்டுக்கும் பதில் இல்லாட்டி இன்னும் கேள்வி வரல எண்டு அர்த்தம், புரபோசல் எழுத உட்காராதீங்க.

ஒரு உதாரணத்த எடுத்து முழுக்கப் பார்ப்பம். கல்லடி, நொச்சிமுனை, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் இருக்கிறது கடலுக்கும் வாவிக்கும் நடுவில உள்ள மெல்லிய மணல் துண்டுல. மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழ உள்ள உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்கும், நல்ல தண்ணிட அடர்த்தி குறைவு எண்டதால. கைபன் ஹெர்ஸ்பேர்க் எண்டு ஒரு தொடர்பு இருக்கு, நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 மீற்றர் நிண்டா கீழ ஏறக்குறைய 40 மீற்றர் வரைக்கும் நிக்கும் எண்டு சொல்றது, கணக்குக்கு லேசா இருக்கட்டும் எண்டு எடுத்த நிலைமைகள்ல வாறது அது. இதத் திருப்பிப் பாருங்க, மேல மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கீழ இருந்து உப்பு கனக்க ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள துப்பரவாக்கக்குள்ள அளவுக்கு மிஞ்சி இறைக்காதீங்க எண்டு சொன்னதுக்கும் இதுதான் காரணம், இறைக்க இறைக்க கீழ உள்ள உப்புத் தண்ணியத்தான் மேல இழுத்து எடுப்பீங்க.

இப்ப கேள்விய எழுதுவம்: நொச்சிமுனைல வாவிக் கரைக்கும் கடற்கரைக்கும் இடையில உள்ள வீட்டுக் கிணறுகள்ல மின்கடத்துதிறன் (தண்ணி மின்சாரத்தக் கடத்துற அளவு, உப்பு கூடினா இதுவும் கூடும்) கரைல இருந்து உள்ள தூரத்தோட எப்படி மாறுது, மாரி மழைக்கு முன்னயும் பின்னயும் எவ்வளவு வித்தியாசம்? கருதுகோள்: ரெண்டு கரைக்கும் கிட்ட உள்ள கிணறுகள்ல உப்பு கூட, நடுவில குறைவு, மழைக்குப் பிறகு எல்லாத்திலயும் குறையும். நடுக்கிணறு ஒண்டுல உப்பு கூடவா வந்தா கருதுகோள் ஆடும், ஆடட்டும், அங்க மோட்டர் போட்டு நாள் முழுக்க இறைக்கிறாங்களா எண்டு தேடப் போவீங்க, அந்தத் தேடல்தான் ஆய்வு.

இதையே செய்யோணும் எண்டு இல்ல. அம்பாறைப் பக்கம் ஒலுவில், நிந்தவூர்ப் புள்ளயள் கரை அரிப்பப் பார்க்கலாம், அசையாத ஒரு இடத்தில இருந்து, பழைய மதிலோ மின்கம்பமோ, தண்ணி விளிம்பு வரைக்கும் டேப்பால அளந்து கிழமைக்கு ஒருக்கா எழுதினாலே நல்ல தரவு, கூகுள் ஏர்த்தில பழைய வருசப் படங்களும் சும்மா கிடைக்கும். சம்மாந்துறைல வயல்காரர்ட புள்ள எண்டா வாப்பா விதைக்கிற ரெண்டு நெல் இனத்த எடுத்து நாலு உப்புச் செறிவில முளைக்க வச்சுப் பார்க்கலாம், அதுக்கு மழை வெயில் ஒண்டும் பார்க்கத் தேவையில்ல. களுதாவளைல வெத்திலைத் தோட்டத்துக்குக் கிட்ட உள்ள கிணத்தில நைத்திரேற்று பார்க்கிறதும் நல்ல கேள்வி.

கேள்விய எழுதினாப் பிறகு வாசிக்கோணும், இத ஆரும் தாண்டிப் போகாதீங்க. டெங்கு நுளம்பு நல்ல தண்ணிலதான் முட்டை போடும் எண்டு சின்ன வகுப்பில இருந்து படிக்கிறம் தானே, 2011இல வந்த ஒரு ஆய்வுல நம்மட நாட்டுக் கரையோரத்தில எறிஞ்ச போத்தல், கைவிட்ட தோணி, பாவிக்காத கிணறு இதுகள்ல நிண்ட உவர்த் தண்ணிலயும் டெங்கு பரப்பிற ஏடிஸ் நுளம்பின்ட குடம்பியக் கண்டிருக்காங்க, ஆயிரத்துக்கு 2 இல இருந்து 15 பங்கு வரைக்கும் உப்புள்ள தண்ணில. இத வாசிச்ச புள்ள "எங்கட ஊர்ல டெங்கு" எண்டு எழுதாது, "எங்கட ஊர்ல கரைல கிடக்கிற தோணிகள்ல" எண்டு எழுதும், அவ்வளவு வித்தியாசம். கூகுள் ஸ்கொலர்ல இடத்தின்ட பேரையும் விசயத்தையும் சேர்த்துத் தேடுங்க, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறைல இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம், ரெண்டு இடத்திலயும் இந்த வாவியையும் வயலையும் வருசக்கணக்கா ஆராயிற விரிவுரையாளர்மார் இருக்காங்க, மரியாதையா நாலு வரில ஈமெயில் போட்டுப் பாருங்க, கேள்வி தெளிவா இருந்தா பதில் வாறதுக்கு சான்ஸ் கூட. ஏஐல கேட்டு எடுத்த கட்டுரைப் பேர அப்படியே போடாதீங்க, இல்லாத கட்டுரையெல்லாம் அது சொல்லும், திறந்து வாசிச்சத மட்டும் எழுதுங்க.

மறுகா நாள்காட்டி. நம்மட பக்கம் ஆய்வ வழிநடத்துறது பள்ளிக்கூடத் தவணை இல்ல, மழை. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில கிணறெல்லாம் இறங்கி உப்பு ஏறி இருக்கும், ஐப்பசி கார்த்திகைல தொடங்கிற வடகீழ் மழைதான் எங்களுக்குப் பெரிய மழை, தை வரைக்கும் போகும். அப்ப "மழைக்கு முன்ன" அளக்கிறது ஆவணி புரட்டாதிக்குள்ள முடியோணும், அதுக்கு மின்கடத்துதிறன் அளக்கிற மீற்றர் ஆடிலயே கைல இருக்கோணும், அதுக்கு புரபோசல் ஆனிலயே சேரிட்ட போகோணும், இப்படிப் பின்னால இருந்து முன்னுக்குக் கணக்குப் பாருங்க. கார்த்திகைல புரபோசல் குடுத்தா அந்த வருசத்து வறண்ட காலம் போயிட்டு, ஒருத்தராலயும் திருப்பித் தர ஏலா. வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரைப் பக்கம் இடம் எடுக்கிற ஆக்கள் இன்னொண்டையும் யோசிங்க, பெருமழை நாள்ல வழி தண்ணிக்குள்ள போயிடும், வாவிலயும் குளத்திலயும் முதலை இருக்கு, எல்லைக் கிராமங்கள்ல ஆனை வரும். எந்தத் தண்ணிச் சாம்பிளும் உங்கட உசிர விடப் பெரிசில்ல, பெரிய ஆள் ஒருத்தர் இல்லாமத் தண்ணிக் கரைக்குப் போகாதீங்க.

முறையியல்ல கன பேர் "கிணறுகளில் இருந்து நீர் பெறப்பட்டு அளவிடப்படும்" எண்டு ஒரு வரியோட முடிக்கிறாங்க, போதாது. வேற ஒரு புள்ள உங்கட பேப்பர வச்சுக்கொண்டு நீங்க இல்லாமலே அதே வேலையச் செய்ய ஏலுமா இருக்கோணும். வாவில இருந்து கடல் வரைக்கும் மூண்டு நேர்கோடு, கோட்டுக்கு ஆறு கிணறு, மொத்தம் 18. கூட்டாளிமார்ட வீட்டுக் கிணறாப் பார்த்து எடுக்கிறதில்ல, தூரத்தப் பார்த்து எடுக்கிற. காலைல மோட்டர் போட முதல் எடுக்கோணும், எல்லாக் கிணத்திலயும் தண்ணி மட்டத்தில இருந்து ஒரே ஆழத்தில, போத்தல அதே தண்ணியால மூண்டு தரம் கழுவிட்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் மூண்டு வாசிப்பு. மீற்றர சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோ சீமன்ஸ் (மின்கடத்துதிறன்ட அலகு) நியமக் கரைசலால சரிபார்த்துட்டுத்தான் தொடங்கோணும், வெப்பநிலை கூடினா கடத்துதிறனும் கூடும் எண்டதால 25 பாகைக்குத் திருத்தித் தாற மீற்றரா எண்டும் பாருங்க. கடல் தண்ணி ஏறக்குறைய 50,000 மைக்ரோ சீமன்ஸ் காட்டும், நல்ல கிணறு எண்டா ஆயிரத்துக்கும் கீழ நிக்கும், இத அறிஞ்சிருந்தா மீற்றர் பிழையான நம்பர் காட்டினா உடன பிடிபடும். மீற்றர் கிடைக்காட்டி கவலைப்படாதீங்க, பள்ளிக்கூட லேப்பில வெள்ளி நைத்திரேற்றும் பொற்றாசியம் குரோமேற்றும் இருந்தா குளோரைட்ட நியமிப்புச் செஞ்சே எடுக்கலாம், ஏ/எல் கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ளைக்கு அது இன்னும் நல்ல வேலை, குரோமேற்று நஞ்சு எண்டதால கையுறை போட்டு சேருக்கு முன்னால மட்டும் செய்ங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. வாவில இருந்து உள்ள தூரத்த மட்டும் எடுத்து வரைபு கீறினா குழம்பும், ஏனெண்டா வாவிய விட்டுத் தூரப் போகப் போக கடல் கிட்ட வருது. அதால ரெண்டு தூரத்தையும் எழுதுங்க, கிணத்தின்ட ஆழம், மோட்டரா வாளியா, எத்தின பேர் பாவிக்கிறாங்க எண்டதையும் சேர்த்து எழுதுங்க. இப்படி விடைய மாத்தக் கூடிய வேற காரணங்கள முதலே யோசிச்சு எழுதின புரபோசல வாசிக்கக்குள்ளயே இந்தப் புள்ள யோசிச்சிருக்கு எண்டு நடுவர்மாருக்கு விளங்கும். ஒரு நாள் மூண்டு கிணத்தில முன்னோட்டம் பார்த்துட்டு அதுல வந்த நம்பரையும் புரபோசல்ல போடுங்க.

தரவு எடுக்க முதலே வெறும் அட்டவணையக் கீறுங்க, வெறும் வரைபையும் கீறுங்க, கிடை அச்சில என்ன நிலைக்குத்தில என்ன எண்டு. ஒரே கிணறுகள ரெண்டு தரம் அளக்கிறதால சோடியாக்கின டி சோதனை (முன்னயும் பின்னயும் வந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா எண்டு பார்க்கிற கணக்கு) பொருந்தும், எக்செல்லே செஞ்சு தரும். இத முன்னுக்கே எழுதி வச்சா பிறகு ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி முறைய மாத்துற ஆசை வராது.

அனுமதி விசயம் சரியான முக்கியம். வீட்டுக்காரரிட்ட கேட்டு, விளக்கி, ஓம் எண்டாப் பிறகுதான் கிணத்தடிக்குப் போற. பேர் எழுத வேணாம், கி1, கி2 எண்டு குறியீடு போதும். முடிவ அவங்களுக்கும் சொல்லுங்க, ஆனா "உங்கட தண்ணி குடிக்கலாம்" எண்டோ "குடிக்க ஒண்ணா" எண்டோ சொல்லிடாதீங்க, உப்பு மீற்றருக்குக் கிருமி தெரியாது, அந்தக் கேள்வி வந்தா பிஎச்ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) ஐயாட்ட அனுப்புங்க. லாகுகல, குமண மாதிரி தேசியப் பூங்காவுக்குள்ள போய் இலையோ பூச்சியோ எடுக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட அனுமதி வேணும். பள்ளிக்கூடப் புள்ளயளுக்கான சர்வதேச விஞ்ஞானப் போட்டியான ஐசெஃப் வரைக்கும் போற எண்ணம் இருந்தா அதின்ட விதிகள இப்பவே வாசிங்க: மனிசரிட்ட கேள்விக்கொத்து குடுக்கிறது, முள்ளந்தண்டு விலங்குகள், நுண்ணங்கிகள், இதுக்கெல்லாம் தொடங்க முதலே அனுமதி எடுக்கோணும், பற்றீரியாவ வீட்டில வளர்க்கவே ஒண்ணா, குழுவா செஞ்சா மூண்டு பேருக்கு மேல ஏலா. வேலை முடிஞ்சாப் பிறகு எடுத்த கையெழுத்து அங்க செல்லாது.

இனி எழுதுங்க. மூண்டு நாலு பக்கம் போதும், பின்னணி ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது, கேள்வியும் கருதுகோளும் முதல் பக்கத்திலயே கண்ணுக்குப் படோணும், முறையியலுக்குக் கூட இடம் குடுங்க, எல்லாம் "அளக்கப்படும்" எண்டு எதிர்காலத்தில. தலைப்ப கடைசியா வைங்க. செலவுக்கு மீற்றர், நியமக் கரைசல், போத்தல், பஸ் காசு எண்டு பொருள் பொருளாப் பிரிச்சு எழுதுங்க, மொத்தமா ஒரு தொகை போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பதிவுக் கொப்பி ஒண்ட இண்டைக்கே வாங்கி, பேனையால, திகதி போட்டு, தாள் கிழிக்காம, ஐடியா வந்த நாள்ல இருந்து எழுதுங்க, புரபோசலோட அதையும் கொண்டு போய்க் காட்டினா சேருக்கும் மிஸ்ஸுக்கும் ஒப்பம் போட மனசு வரும்.

கடைசியா மழை பிந்தினா என்ன செய்ற எண்டதையும் எழுதி வைங்க. "மழைக்குப் பின்" எண்டத திகதியால சொல்லாம மழையால சொல்லுங்க, முதல் அளவீட்டுக்குப் பிறகு மொத்தம் இத்தின மில்லிமீற்றர் பெய்ஞ்சாப் பிறகு ரெண்டாவது அளவீடு எண்டு. மில்லிமீற்றருக்கு மட்டக்களப்பு வானிலை நிலையத் தரவு இருக்கு, இல்லாட்டி நேரான சுவருள்ள பிளாஸ்டிக் போத்தல மேல வெட்டி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில வளவுக்குள்ள வச்சு தினமும் ஒரே நேரத்தில அடிமட்டத்தால அளந்தா சரி, அடி தட்டையா இருக்கோணும். அந்த ஒரு வரி புரபோசல்ல இருந்தா மழை கார்த்திகைல வந்தாலும் மார்கழில வந்தாலும் பிளான் குழம்பாது.