விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: பழைய லேப்டாப்பில் மாறுவது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016, 2017 வாக்கில் வாங்கிய பல லேப்டாப்கள் இன்னும் நன்றாக ஓடினாலும் இங்கே தகுதி இழந்துவிடுகின்றன. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை ஒரு கை பார்க்கலாம்.

லினக்ஸில் வகைகள் ஏராளம். எது நல்லது என்று தேட ஆரம்பித்தால் ஒரு மாதம் போய்விடும், லேப்டாப் அப்படியே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட்தான். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் இருந்தால் சினமன் பதிப்பு ஓடும். அதற்கும் குறைவு என்றாலோ, ரொம்பப் பழைய மெஷின் என்றாலோ எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் இன்னும் நல்லது.

படி 1: முதலில் மென்பொருளை மாற்றுங்கள், விண்டோஸை அப்புறம்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரே ராத்திரியில் விண்டோஸை அழித்து லினக்ஸ் போடுகிறார்கள். மறுநாள் புது டெஸ்க்டாப், புது ஆபீஸ் மென்பொருள், புது பிரவுசர் எல்லாம் ஒன்றாக வந்து நிற்க, மூன்றாம் நாள் பழையபடி விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

அதனால் விண்டோஸில் இருக்கும்போதே எம்எஸ் ஆபீசுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்க விஎல்சி, படம் திருத்த கிம்ப் என்று போட்டுக்கொண்டு சில வாரம் அவற்றிலேயே வேலை பாருங்கள். இந்த நான்கும் லினக்ஸில் அப்படியே கிடைக்கும். எது உங்களுக்கு ஒத்து வரவில்லை என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

சில விஷயங்கள் வரவே வராது. டேலி, ஃபோட்டோஷாப், கோரல் டிரா, பேஜ்மேக்கர் இவற்றுக்கெல்லாம் லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிழைப்பே அதில்தான் என்றால் விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸைப் போடுங்கள், வீம்பு வேண்டாம். வாலரன்ட் கேம் ஆடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். பிரின்டரையும் பாருங்கள். ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு.

படி 2: பேக்கப்

‘என் ஃபைல் எல்லாம் டி டிரைவில் இருக்கு, ஒன்றும் ஆகாது’ என்று நினைத்தால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். விண்டோஸை ஃபார்மட் செய்யும்போது சி டிரைவை மட்டும் அழித்துப் பழகியிருப்போம். சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் துண்டுகள். லினக்ஸ் இன்ஸ்டாலரில் ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மொத்த டிஸ்க்கும் போய்விடும், டி டிரைவில் இருக்கும் கல்யாண ஆல்பம் உட்பட. எனவே வேண்டிய அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள் இரண்டையும் மறக்க வேண்டாம்.

கையோடு விண்டோஸில் இன்னும் இரண்டு வேலை. பவர் ஆப்ஷன்ஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகலாம். அப்புறம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள்.

படி 3: பென்டிரைவ் தயார் செய்தல்

லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (மொத்த மின்ட்டும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ரூஃபஸ் என்ற இலவசக் கருவியைத் திறந்து பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி ‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்டால் ஐஎஸ்ஓ மோடு. மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

படி 4: போடாமலே ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்து, லோகோ வரும்போது பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்களில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப்.

கொஞ்ச நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் வந்துவிடும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. இங்கே அவசரப்படாமல் வைஃபை வருகிறதா, சவுண்ட் கேட்கிறதா, ஸ்க்ரீன் வெளிச்சம் கூடிக் குறைகிறதா, வெப்கேம் தெரிகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போட வேண்டாம். வைஃபை வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். அந்த நெட்டை வைத்து, இன்ஸ்டால் முடிந்ததும் ‘டிரைவர் மேனேஜர்’ மூலம் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: இன்ஸ்டால்

டெஸ்க்டாப்பில் இருக்கும் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகானை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மொழி, கீபோர்டு கேட்கும். மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பு இயங்கும் மெஷினாக இருந்தால் இங்கே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதை நினைவில் வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். வைரஸோ என்று பயப்பட வேண்டாம். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமான கேள்வி அடுத்த திரையில். விண்டோஸும் வேண்டும் என்றால் ‘இன்ஸ்டால் அலாங்சைட்’, வேண்டாம் என்றால் ‘எரேஸ் டிஸ்க்’. முதல் தடவைக்கு நான் அலாங்சைட் பக்கம்தான். லினக்ஸுக்கு 50 ஜிபியாவது ஒதுக்குங்கள், 100 இருந்தால் தாராளம். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் மோடு இயங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதை ஏஹெச்சிஐ என்ற மோடுக்கு மாற்ற வேண்டும், ஆனால் அப்படியே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். இந்த இடத்தில் மட்டும் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர மண்டலத்தில் இந்தியாவுக்குக் கொல்கத்தா என்றுதான் இருக்கும், சென்னையைத் தேடாதீர்கள். மற்றதெல்லாம் பெயரும் பாஸ்வேர்டும்தான்.

படி 6: முதல் நாள் வேலைகள்

‘அப்டேட் மேனேஜர்’ காட்டும் அப்டேட்டுகளை முதலில் போடுங்கள். என்விடியா கார்டு இருந்தால் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கும் டிரைவரைப் போடுங்கள். பிறகு டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். பின்னால் எதையாவது நோண்டிக் கெடுத்தால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக இது உதவும். உங்கள் சொந்த ஃபைல்களுக்கு இது பேக்கப் ஆகாது.

தமிழ்த் தட்டச்சுக்கு விண்டோஸில் பலர் வைத்திருக்கும் என்ஹெச்எம் ரைட்டர் இங்கே இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று தேடிப் போடுங்கள். ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபோனடிக், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். விண்டோஸ் லோகோ கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த டிடிஎஃப் ஃபான்ட்டை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள், எழுத்து தெரியும்.

லிப்ரே ஆபீஸில் வேர்டு ஃபைலைத் திறந்ததும் வரிகள் இடம் மாறியிருந்தால், பெரும்பாலும் காரணம் ஃபான்ட்தான். காலிப்ரிக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆபீசுக்கு அனுப்பும் ஃபைல் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் போய் எப்போதும் வேர்டு வடிவத்தில் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேட்டரி போகவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸின் நேர அமைப்பில் ‘சிங்க் நவ்’ அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகிவிடும்.